அட்மிரல் புக்கானனின் மாமனார் வீடு

ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாற்றை இரண்டாவது தடவையாகப் படிச்சுக்கிட்டிருந்தப்போ ஒரு பட்டியலில் மாட்டிக்கொண்டேன். மேரிலாந்தில் கேர்னல் லாய்டின் பெரிய பண்ணையில் குதிரை லாயத்தைப் பார்த்துக்கொண்ட வயதான அடிமை பார்னியைப் பற்றிய இடம் அது. குதிரை கொஞ்சம் தலையை ஆட்டினால்கூட பார்னிக்கு அடி விழும். ஐம்பது, அறுபது வயசுக் கிழவர். தொப்பியைக் கழற்றி, வழுக்கைத் தலையோடு மண்டியிட வைத்து அடிப்பார்கள். அடிக்கும் உரிமை கேர்னலுக்கு மட்டும் இல்லை, அவருடைய மகன்களுக்கும் உண்டு, மாப்பிள்ளைகளுக்கும் உண்டு. டக்ளஸ் மூன்று மாப்பிள்ளைகளைப் பெயர் சொல்லியே எழுதுகிறார்: விண்டர், நிக்கல்சன், லௌண்டஸ்.

யார் இந்த மாப்பிள்ளைகள் என்று தேடப் போனேன். தேடினால் லாய்ட் குடும்பத்துக்கு இன்னொரு மாப்பிள்ளை இருக்கிறார். டக்ளஸின் பட்டியலில் அவர் இல்லை, ஏன்னா டக்ளஸ் அந்தப் பண்ணையைவிட்டுப் போய் ஒன்பது வருஷம் கழிச்சு, 1835இல்தான் அவருக்கும் ஆன் கேத்தரின் லாய்டுக்கும் கல்யாணம் நடந்தது. பெயர் பிராங்க்ளின் புக்கானன். அமெரிக்கக் கடற்படை அகாடமியின் முதல் தலைவர். பிற்பாடு அதே கடற்படையின் கப்பல்களை மூழ்கடித்த தென்மாநிலக் கூட்டமைப்பின் அட்மிரல்.

இந்த மனிதரைப் பற்றி எழுதியதெல்லாம் கடலில்தான் நடக்கிறது. எனக்கு அதில்தான் சண்டை.

முதலில் அவருக்குச் சேர வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 1800இல் பால்டிமோரில் பிறந்து, 1815இல் பதினாலு வயசில் மிட்ஷிப்மேனாகச் சேர்ந்தவர். மிட்ஷிப்மேன் என்றால் அதிகாரி ஆவதற்காகக் கப்பலில் ஏற்றப்படும் பையன். அந்தக் காலத்தில் இந்தப் பையன்களுக்கு என்று ஒழுங்கான பள்ளிக்கூடம் கிடையாது. கப்பலிலேயே ஒரு வாத்தியார் இருப்பார், நேரம் கிடைத்தால் கணக்கு சொல்லித்தருவார், புயல் வந்தால் அதுவும் இல்லை. தரைப்படைக்கு வெஸ்ட் பாயிண்ட் 1802இலேயே வந்துவிட்டது. கடற்படைக்கு மட்டும் நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தத் திண்ணைப் பள்ளிக்கூடம்தான். 1842இல் சோமர்ஸ் என்ற பயிற்சிக் கப்பலில் கலகம் செய்யத் திட்டமிட்டதாகச் சொல்லி மூன்று பேரை நடுக்கடலிலேயே தூக்கில் போட்டார்கள். அதில் ஒருவன் மிட்ஷிப்மேன் பிலிப் ஸ்பென்சர். அப்போதைய போர்த்துறை அமைச்சரின் மகன், பத்தொன்பது வயசு. நாடே அதிர்ந்தது. இப்படித்தான் பையன்களை வளர்க்கிறோமா என்ற கேள்வி அப்போது வந்தது.

1845இல் கடற்படை அமைச்சராக வந்த ஜார்ஜ் பான்கிராஃப்ட் ஒரு வரலாற்றாசிரியர், காரியக்காரர். பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு நாடாளுமன்றம் பணம் தராமலே இழுத்துக்கொண்டிருந்தது. இவர் கேட்கவே இல்லை. கப்பல் வாத்தியார்களின் சம்பளத்துக்கு ஏற்கெனவே ஒதுக்கியிருந்த பணத்தை எடுத்தார், நல்ல வாத்தியார்கள் சிலரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் காத்திருப்பில் போட்டார், அனாபொலிஸில் தரைப்படையிடம் சும்மா கிடந்த செவர்ன் கோட்டையை வாங்கிக்கொண்டார். நாடாளுமன்றம் அடுத்துக் கூடுவதற்குள், 1845 அக்டோபர் 10 அன்று, பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. இனி மூடு என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? பாடத்திட்டத்துக்கு முதுகெலும்பு வில்லியம் ஷோவெனே என்ற இளம் கணித ஆசிரியர்; பிலடெல்பியாவில் சின்ன அளவில் இதையே நடத்திக்கொண்டிருந்தவர். புக்கானனின் பங்கு கட்டுப்பாடு. கப்பலில் ஆடிப் பழகிய, சிலர் ஏற்கெனவே வருஷக்கணக்கில் கடலில் இருந்துவிட்டு வந்த ஐம்பது இளைஞர்களைத் தரையில் உட்காரவைத்துக் கணக்குப் போட வைப்பது லேசான வேலையில்லை. குடித்துவிட்டு வந்தவனுக்கு அவர் தாட்சண்யமே காட்டவில்லை. விதி என்றால் விதி.

நிறுவனர் யார் என்று என்னைக் கேட்டால் பான்கிராஃப்டின் தந்திரத்துக்கு முதலிடம், ஷோவெனேயின் பாடத்துக்கு இரண்டாமிடம் கொடுப்பேன். ஆனால் முதல் இரண்டு வருஷம் ஒரு பள்ளிக்கூடம் சிதறாமல் நிற்பது என்பது பெரிய விஷயம். அதைப் புக்கானன் செய்தார். மெக்சிகோ போர் வந்ததும் சும்மா இருக்கமாட்டாமல் கப்பல் கேட்டு, 1847இல் கிளம்பிப் போனார். பிறகு பெரியின் ஜப்பான் பயணத்தில் சஸ்குவஹானா கப்பலின் தலைவர். 1855இல், தகுதியில்லாத அதிகாரிகளைக் கழித்துக்கட்டிய குழுவில் ஓர் உறுப்பினர். 1859இலிருந்து வாஷிங்டன் கப்பல் தளத்தின் பொறுப்பாளர். எல்லாம் ஒழுங்காக ஏறிய படிகள்.

இப்போது 1861. வழக்கமான கதை இங்கேதான் உருக ஆரம்பிக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் அவர் மகளின் கல்யாணம் கப்பல் தளத்தில் நடக்கிறது, புதிதாகப் பதவியேற்ற ஜனாதிபதி லிங்கன் நேரில் வந்து வாழ்த்துகிறார். அந்த மாதம் 19ஆம் தேதி பால்டிமோர் தெருவில் கலவரம், வாஷிங்டனுக்குப் போகும் படைவீரர்கள்மேல் கல் எறிகிறார்கள், துப்பாக்கிச் சூடு, சாவு. 22ஆம் தேதி புக்கானன் ராஜினாமா செய்கிறார். சொந்த மண்ணா, எடுத்துக்கொண்ட சத்தியமா என்று கலங்கிய நெஞ்சம், மானஸ்தன், கண்ணியவான்... இந்தப் பல்லவியை நீங்களே பாடிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு சிக்கல். அந்தச் சொந்த மண் எங்கேயும் போகவில்லை. மேரிலாந்து பிரிந்து போகவே இல்லை. பிரியும் என்று அவர் கணக்குப் போட்டார், கணக்கு தப்பிவிட்டது. மே மாத ஆரம்பத்தில் கடற்படை அமைச்சர் கிடியன் வெல்ஸுக்குக் கடிதம் எழுதி, ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டார். வெல்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை, பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டார். இரண்டே வாரத்துக்குள் இரண்டு கடிதம். விதி என்றால் விதி என்று பையன்களிடம் சொன்னவருக்கு வெல்ஸ் அதையே திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான்.

வெல்ஸ் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று சிலர் வாதிடுவார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அறுபது வயசு மனுஷன், நாற்பத்தாறு வருஷ சேவை, பெரிய குடும்பம். திரும்பி வர நினைத்தவனை உள்ளே விட்டிருந்தால் எதிரிக்கு ஓர் அட்மிரல் குறைந்திருப்பான். ஆனால் ஓர் அதிகாரி தலைநகரின் கப்பல் தளத்தை, ஆபத்து வாசலில் நிற்கும்போது, விட்டுவிட்டுப் போகிறார். பதினைந்து நாள் கழித்து ஆபத்து வேறு பக்கம் திரும்பியதும் வருகிறேன் என்கிறார். இவரைத் திரும்பவும் பொறுப்பில் வைக்க எந்த அமைச்சர் துணிவார்? அதே நேரத்தில் டென்னசியில் பிறந்து, வர்ஜீனியாப் பெண்ணைக் கட்டி, நார்ஃபோக்கில் குடியிருந்த டேவிட் ஃபாரகட் வீட்டைக் காலி செய்துகொண்டு வடக்கே போய்விட்டார். அவருக்கும் மண் இருந்தது. புக்கானனின் கூடப்பிறந்த மெக்கீன் புக்கானனும் கடற்படையிலேயே இருந்துவிட்டார். மண் கூப்பிட்டது என்றால் ஒரே வீட்டில் ஒருவருக்கு மட்டும் எப்படிக் கேட்டது?

இரண்டு முழு வாழ்க்கை வரலாறுகள் இருக்கின்றன. சார்லஸ் லீ லூயிஸ் 1929இல் எழுதியது. அஞ்சாத செயல்வீரர் என்ற தீர்ப்பு தலைப்பிலேயே இருக்கிறது. கிரெய்க் சைமண்ட்ஸ் 1999இல் எழுதியது எவ்வளவோ சமநிலையானது. இரண்டு பேருமே அனாபொலிஸ் அகாடமியில் பாடம் எடுத்தவர்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கப்பலைத் தெரிந்தவர்தான் கப்பலை எழுத முடியும். ஆனால் இந்த வகை நூல்களின் அச்சே கப்பல்தான். ஒரு கப்பல் முடிந்தால் அடுத்த கப்பல். நடுவே இருக்கும் வீடு, விடுமுறைக்கு வந்து போகும் இடம். இதிலிருந்து சுருக்கி எழுதப்படும் குறிப்புகளில் அதுவும் கரைந்து, மாமனார் முன்னாள் ஆளுநர் என்ற ஒரு வரி மட்டும் மிஞ்சுகிறது.

அந்த ஒரு வரியைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். வை ஹவுஸ். மேரிலாந்தின் கிழக்குக் கரையில், செசபீக் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், லாய்ட் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஆண்ட இடம். ஐந்தாம் எட்வர்ட் லாய்ட் மேரிலாந்தின் ஆளுநர், பிறகு செனட்டர். நூற்றுக்கணக்கான அடிமைகள். டக்ளஸின் புத்தகத்தில் இவர்தான் கேர்னல் லாய்ட். பழத்தோட்டத்து வேலியில் தார் பூசிவைத்து, உடம்பில் தார் ஒட்டியிருக்கும் அடிமையைத் திருடன் என்று அடிக்கும் ஏற்பாடு இவருடையது. வழியில் பார்த்த ஓர் அடிமையிடம், உன் எஜமான் உன்னை நன்றாக நடத்துகிறானா என்று கேட்கிறார். ஆள் யாரென்று தெரியாமல் அவன் உண்மையைச் சொல்லிவிடுகிறான். இரண்டு மூன்று வாரம் கழித்து அவன் ஜார்ஜியா வியாபாரிக்கு விற்கப்படுகிறான், குடும்பத்தைக்கூடப் பார்க்காமல். அடி தாங்காமல் ஓடையில் இறங்கி நின்ற டெம்பியை மேற்பார்வையாளன் சுட்டுக் கொன்றதும் இந்தப் பண்ணையில்தான். யாரும் தண்டிக்கப்படவில்லை.

டக்ளஸ் ஏழெட்டு வயசில் பால்டிமோருக்கு அனுப்பப்பட்டது லாய்டின் பாய்மரப் படகில். படகின் பெயர் சாலி லாய்ட், கேர்னலின் ஒரு மகளுடைய பெயர். புக்கானனுக்குப் பிற்பாடு கொழுந்தியா ஆனவர். போகிற வழியில் படகு அனாபொலிஸில் சற்று நின்றது. பையன் கரையிறங்கவில்லை, படகிலிருந்தபடியே, வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பெரிய ஊரைப் பார்த்தான். அதே ஊரில் இருபது வருஷம் கழித்துக் கடற்படைப் பள்ளிக்கூடம் திறக்கிறது. அது திறந்த அதே 1845ஆம் வருஷம், சில மாதங்கள் முன்னால், அந்தப் பையன் எழுதிய புத்தகம் வெளிவருகிறது. பள்ளிக்கூடத்தின் தலைவருடைய மாமனார் வீட்டில் என்ன நடந்தது என்று ஊர், பெயர் எல்லாம் போட்டு எழுதிய புத்தகம். ஆயிரக்கணக்கில் விற்றது.

இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதியவர்கள் குறைவு. ஒன்று கடற்படை வரலாறு அலமாரியில் இருக்கிறது, மற்றொன்று கறுப்பின இலக்கிய அலமாரியில். நூலகத்தில் அந்த அலமாரிகள் வேறு வேறு மாடியில் இருக்கும்.

சரி, மாமனார் செய்த பாவத்துக்கு மாப்பிள்ளை என்ன பண்ணுவார்? நியாயமான கேள்வி. கிழவர் லாய்ட் கல்யாணத்துக்கு முன்பே, 1834இல் செத்துப்போனார். பார்னியைப் புக்கானன் அடித்தார் என்று நான் சொல்லவில்லை. நான் சொல்வது வேறு. 1861இல் ஒரு மனுஷன் எதை இழந்துவிடுவோம் என்று பயந்தார் என்பதைப் புரிந்துகொள்ள அவர் எந்த வாழ்க்கைக்குள் கல்யாணம் செய்து போனார் என்று தெரிய வேண்டும். மைல்ஸ் ஆற்றங்கரையில் அவர் குடியிருந்த வீட்டின் பெயர் தி ரெஸ்ட், ஓய்வில்லம். அந்த ஓய்வு யாருடைய உழைப்பில் வந்தது? சொந்த மண் என்ற சொல்லுக்குள் அந்த மண்ணில் வேலை செய்தவர்களும் சேர்த்திதானா? இதைக் கேட்காமல் மானம், கண்ணியம் என்று எழுதினால் பாதி வாக்கியம்தான் எழுதியிருக்கிறோம்.

அது அந்தக் காலம், அப்படித்தான் இருப்பாங்க என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். இங்கேதான் எனக்கு உண்மையாகவே தூக்கிவாரிப்போட்டது. புக்கானனின் அப்பா ஜார்ஜ் புக்கானன், பால்டிமோரில் பேர்பெற்ற மருத்துவர். 1791 ஜூலை 4 அன்று, மேரிலாந்தின் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் கூட்டத்தில் அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பொருள்: அடிமைமுறை என்னும் தார்மீகக் கேடும் அரசியல் கேடும். 1793இல் அச்சாகியும் வந்தது. சுதந்திரத்துக்காகச் சண்டை போட்டுவிட்டு அடிமை வைத்திருக்கிறோமே என்று அடிமை உடைமையாளர்கள் நிறைந்த ஊரில் நின்று கேட்டவர். புக்கானனின் அம்மாவைப் பெற்றவர் தாமஸ் மெக்கீன், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். ஆக, அந்தக் காலத்தில் வேறு மாதிரி யோசிக்க முடியாது என்ற சாக்கு இந்த ஒரு மனிதருக்கு மட்டும் செல்லவே செல்லாது. வேறு மாதிரி யோசித்தது அவருடைய சொந்த அப்பாதான். அப்பா 1808இல், மகனுக்கு எட்டு வயசு இருக்கும்போதே போய்விட்டார் என்பது உண்மை. ஆனால் பேச்சு புத்தகமாக இருந்ததே. 1873இல் வில்லியம் பூல் என்ற நூலகர் அதைத் தூசி தட்டி மறுபடி அச்சிட்டார். மகன் அப்போது உயிரோடு இருந்தார். அடுத்த வருஷம்தான் இறந்தார்.

போர்க்கதையை நீளமாகச் சொல்லப்போவதில்லை, அது எங்கேயும் கிடைக்கும். 1862 மார்ச் 8, ஹாம்ப்டன் ரோட்ஸ். இரும்புக் கவசமிட்ட வர்ஜீனியா என்ற கப்பலில் வந்து கம்பர்லண்ட் என்ற மரக்கப்பலை முட்டியே மூழ்கடித்தார். அடுத்தது காங்கிரஸ், அதில்தான் சகோதரர் மெக்கீன் சம்பள அதிகாரி. அது வெள்ளைக்கொடி காட்டிய பிறகும் கரையிலிருந்த தரைப்படை சுட்டது. ஆத்திரத்தில், பழுக்கக் காய்ச்சிய குண்டுகளைப் போட்டுச் சரணடைந்த கப்பலை எரிக்கச் சொன்னார். காயம்பட்டவர்கள் இன்னும் உள்ளே இருந்தார்கள். தானே துப்பாக்கியை எடுத்துக் கரையை நோக்கிச் சுடும்போது தொடையில் குண்டு பாய்ந்தது. அன்றைக்கு வடக்குப் பக்கம் 200 பேருக்கு மேல் செத்தார்கள். மெக்கீன் பிழைத்துக்கொண்டார். அண்ணன் தம்பிச் சோகமாக இதைச் சொல்லாதவர்களே இல்லை. பள்ளிக்கூடம் நடத்தியவர் சரணடைந்த கப்பலைக் கொளுத்திய விஷயத்தைக் கோபம் என்ற ஒரே சொல்லில் கடந்துவிடுகிறார்கள், அதுதான் உறுத்துகிறது. மறுநாள் மானிட்டருடன் நடந்த புகழ்பெற்ற சண்டையில் அவர் இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தார். 1864 ஆகஸ்ட் 5 அன்று மொபீல் வளைகுடாவில் டென்னசி என்ற ஒற்றைக் கப்பலை வைத்துக்கொண்டு ஃபாரகட்டின் படை முழுவதோடும் மோதித் தோற்றார். கால் எலும்பு முறிந்து கைதியானார். தைரியத்துக்குக் குறைச்சல் இல்லை. தைரியத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவும் இல்லை.

அதே சமயத்தில் லாய்ட் பண்ணை உள்பட அந்த வட்டாரத்தின் அடிமைகள் சிலர் ஐக்கியப் படையில் சேர்ந்தார்கள். போர் முடிந்து திரும்பிவந்து அவர்கள் குடியேறிய ஊருக்கு யூனியன்வில் என்று பெயர். அங்குள்ள தேவாலய மயானத்தில் 18 வீரர்களின் கல்லறைகள் உண்டு. நாட்டை விட்டுக்கொடுக்காத மேரிலாந்துக்காரர் என்று யாருக்காவது சிலை வைக்கணும்னா நான் அந்தப் பக்கம்தான் கைகாட்டுவேன்.

போருக்குப் பிறகு புக்கானன் இன்னொரு கல்வி நிலையத்துக்கும் தலைவரானார் என்பது பலருக்குத் தெரியாது. 1868இல் மேரிலாந்து விவசாயக் கல்லூரி, இன்றைய மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் மூலவேர். ஒரு வருஷம் போலத்தான் இருந்தார். பெயர் மட்டும் நெடுங்காலம் வாழ்ந்தது. அவர் பெயரில் அமெரிக்கக் கடற்படை மூன்று கப்பல்களை விட்டது. அதில் முதலாவது பிரிட்டனுக்குக் கொடுக்கப்பட்டு, கேம்பல்டவுன் என்று பெயர் மாறி, 1942இல் ஜெர்மானியர் பிடியிலிருந்த செயின்ட் நசேர் துறைமுகத்தின் கப்பல்துறை வாயிலில் போய் முட்டி வெடித்தது. முட்டுவதில் பேர்வாங்கியவரின் பெயர்க் கப்பல் முட்டியே செத்தது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். அகாடமித் தலைவர் குடியிருக்கும் வீட்டுக்கும் புக்கானன் ஹவுஸ் என்றே பெயர் இருந்தது. 2022இல் பெயர் ஆய்வுக் குழு அதை மாற்றச் சொன்னது. வரலாற்றை அழிக்கிறார்கள் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். எந்த வரலாறு என்று நான் கேட்பேன். அந்தப் பெயர் சுவரில் இருந்த காலத்தில் வை ஹவுஸைப் பற்றி அங்கே எத்தனை பையன்களுக்குத் தெரிந்திருக்கும்?

டக்ளஸ் மட்டும் மறக்கவில்லை. 1881இல், வாஷிங்டனில் அரசுப் பதவியில் இருந்த அவர், சுங்கத் துறைக் கப்பல் ஒன்றில் வை ஹவுஸுக்குத் திரும்பிப் போனார். பிற்காலத் தன்வரலாற்றில் அதை விவரமாக எழுதியிருக்கிறார். குடும்ப மயானத்தைக் காட்டினார்கள். அங்கே புக்கானன் கிடந்தார். மானிட்டரோடு சண்டை போட்டவர் என்று டக்ளஸ் குறிப்பிடுகிறார். ஊரெல்லாம் செய்த சின்னத் தவறை அவரும் செய்கிறார். பிறகு தி ரெஸ்டுக்குப் போனார். புக்கானனின் மனைவி, எழுபதைத் தாண்டிய விதவை, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். பதினெட்டு வயசுப் பெண்ணாக அவரைப் பண்ணையில் அடிக்கடி பார்த்தது டக்ளஸுக்கு ஞாபகம் இருந்தது. பேரப்பிள்ளைகளை அறிமுகம் செய்துவைத்தார். அதில் ஒரு சின்னப் பெண் தோட்டத்துப் பூக்களைக் கொத்தாகக் கட்டிக்கொண்டு வந்து டக்ளஸின் கையில் கொடுத்தாள்.